திராட்சை விற்கக் காஃப்கா எதற்கு?

டேட்டாபேஸ் டேபிளை க்யூவாகப் பயன்படுத்துவது மகாபாவம் என்று ஒரு கூட்டம் இன்னும் சொல்லித் திரிகிறது. சுருளிப்பட்டி பன்னீர் திராட்சைக்கு ஒரு விற்பனைத் தளம் செய்தால் ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் வரும்? நூறு? தோட்டக்காரருக்கு நூறு எஸ்எம்எஸ் அனுப்ப, லிங்க்ட்இன் தன் பெருங்கூட்டத்துக்காகக் கட்டிய காஃப்காவா!

வொர்க்கர்கள் ஒரே ரெக்கார்டுக்கு முட்டிக்கொண்டு லாக்கில் காத்துக் கிடக்கும் என்ற புகார் ஒரு காலத்தில் நியாயம்தான். 2016-ல் போஸ்ட்கிரெஸ் 9.5-லும், 2018-ல் மைஎஸ்க்யூஎல் 8.0-லும் 'ஸ்கிப் லாக்டு' வந்துவிட்டது. ஒருவர் பூட்டியதை விட்டுவிட்டு மற்றவர் அடுத்ததை எடுத்துக்கொள்வார்.

ஆர்டரும் எஸ்எம்எஸ் வேலையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் பதிவானால், இரண்டும் இருக்கும், இல்லையேல் இரண்டும் இருக்காது. க்யூ தனியாக இருந்து, ஆர்டர் பதிவானதும் சர்வர் படுத்துக்கொண்டால்? பணம் கட்டியவர் காத்திருப்பார். தோட்டக்காரருக்குத் தகவலே போயிருக்காது. இதைப் பற்றி மட்டும் அந்தக் கூட்டம் வாய் திறப்பதில்லை. (முடிந்த வேலைகளை அழிக்காத சோம்பேறிகளுக்கு டேபிள் வீங்கத்தான் செய்யும், அது வேறு கதை.)