ஆருக்குப் பயிற்சி?



"நிலைபேறான கடல் முகாமைத்துவப் பயிற்சி" எண்டு அறிவிப்பு வந்தால் உடனே பகிருறம். கொஞ்சம் பொறுங்கோ.

1952இல் ஒப்பந்தம் போட்டு நோர்வே கேரளத்து நீண்டகரைக்கு வந்ததும் உதவி, பயிற்சி எண்ட பேரிலதான். சிறு மீனவருக்கு உதவுறம் எண்டு தொடங்கினது, கடைசியில இழுவைமடிக்கும் இறால் ஏற்றுமதி முதலாளிகளுக்கும் வழிவிட்டது. அதே இழுவைமடி தமிழ்நாட்டுக் கரையிலயும் பெருகி, இண்டைக்குப் பாக்கு நீரிணையின்ர அடியை வழிச்செடுக்குது. மன்னார், யாழ்ப்பாணத் தொழிலாளியின்ர வலையை அறுக்குது.

2017இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தது. சட்டம் காகிதத்தில இருக்கு, மடி கடலில இருக்கு. அதே ஆண்டு இந்தியா 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றத் திட்டம் போட்டது. படகொண்டுக்கு 80 லட்சம் ரூபாய். மானியம் படகுச் சொந்தக்காரருக்கு. கூலிக்குப் போற ராமேஸ்வரத்துத் தொழிலாளிக்கு? கடற்படையிட்டப் பிடிபட்டுச் சிறையில கிடக்கிறவனும் அவன்தானே!

ரெண்டு கரைத் தொழிலாளரையும் ஒரே மேசையில இருத்தாத ஆராய்ச்சிக்கு நாங்கள் விளம்பரம் செய்யக் கூடாது. அடுத்த அறிவிப்பு வந்தால் கேளுங்கோ: பாடத்திட்டம் எழுதினது ஆர்? கூலித் தொழிலாளியைப் பற்றி அதில ஒரு வரியாவது இருக்கோ?