பேஸ் கிட்டார் பழகப் பெரிய ஆம்ப் எதற்கு?

பள்ளி இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் அதைத் தேடிப் போனவர்கள் அல்லர். பாட ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், கிட்டாருக்கு மூன்று பேர் என்று இடங்கள் நிரம்பியபின், “பேஸ் யார் எடுக்கிறீர்கள்?” என்ற கேள்வி வரும். கடைசியாக வந்தவர் தலையில் அது விழும். உயர்நிலை மூன்றில் எனக்கும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் வாசிக்கத் தொடங்கிய சில வாரங்களில் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சிக்கல் வீட்டில் தொடங்கியது. வாரத்திற்கு இரண்டு மணி நேரம் பள்ளியில் வாசித்தால் போதாது. வீட்டில் பழக என்ன வேண்டும் என்று கேட்டால், ‘ஆம்ப்’ எனப்படும் ஒலிபெருக்கி கட்டாயம் வேண்டும் என்பார்கள். கிட்டாருக்கே பெற்றோரிடம் தயங்கித் தயங்கிக் கேட்ட மாணவர், மேலும் இருநூறு முந்நூறு வெள்ளி கேட்க முடியாமல் பின்வாங்கிவிடுகிறார். இப்படிப் பாதியில் நிறுத்திய நண்பர்கள் எனக்குண்டு. அவர்களுக்குத் திறமை குறைவில்லை. தேவையே இல்லாத ஒரு பொருளைத் தேவை என்று நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் பேஸ் பழக ஆம்ப் தேவையில்லை. அதிலும் நம் வீவக வீடுகளுக்கு அது பொருந்தாத கருவி. இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

சேமித்த பணத்தில் பழைய ஆம்ப் ஒன்றை வாங்கி, படுக்கையறைத் தரையில் வைத்து வாசித்தேன். இரவில் தொட மாட்டேன். பிற்பகலில் மட்டும்தான், அதுவும் ஒலியைக் குறைத்து. இரண்டாவது வாரம் கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். அவர் இரவு வேலை பார்ப்பவர், பகலில்தான் உறங்குவார். “பாட்டு எதுவும் கேட்கவில்லை தம்பி, ‘தும் தும்’ என்று மட்டும் தலைக்குமேல் இடிக்கிறது” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைத்துப்போன முகத்தோடு பொறுமையாகச் சொன்னதுதான் உறுத்தியது.

அவர் சொன்னது அறிவியல்படி சரி. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். சுவர் உயர்ந்த சுரங்களை ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த சுரங்களை அந்த அளவு தடுக்காது. ஆம்ப்பைத் தரையில் வைத்தால் தரையே சேர்ந்து அதிர்கிறது. அதனால்தான் கீழ்வீட்டுக்கு மெட்டு போகாமல் இடி மட்டும் போகிறது. அக்கம்பக்க இரைச்சல் குறித்து ஆராய 2022ல் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. பகலில் உறங்குபவர்களுக்கு அந்த நேரக் கணக்கும் உதவாது.

ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அது உண்மையான வாசிப்பு ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில், 1960களின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்தக் கலையகத்தில் அவருடைய கிட்டார் பெரும்பாலும் ஆம்ப் வழியாகப் போகாமல் நேரடியாக ஒலிப்பதிவு மேடையில் இணைக்கப்பட்டது. இன்றுவரை பேஸ் கலைஞர்கள் பாடமாகக் கேட்கும் பதிவுகள் அவை.

அப்படியானால் என்ன வாங்கலாம்? மிக எளிய வழி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ‘ஹெட்ஃபோன் ஆம்ப்’. கிட்டாரில் செருகி, அதிலேயே ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளலாம். சாதாரண வகைகள் 20, 30 வெள்ளிக்குக் கிடைக்கின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களுடையவை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, அது பேஸுக்கென்று செய்யப்பட்டதா என்பது; சாதாரண கிட்டாருக்கானதில் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடும். இரண்டு, கைப்பேசியை இணைக்க ஒரு துளை இருக்கிறதா என்பது. பாட்டோடு சேர்ந்து வாசிக்க அது வேண்டும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி, ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’. கிட்டாரின் மின்னொலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் சிறு பெட்டி அது. எளியவை நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். கிட்டாரை நேரடியாக இணைக்கும் துளை அதில் இருக்கவேண்டும். மைக் துளை மட்டும் இருந்தால் போதாது. மென்பொருளுக்குச் செலவில்லை. ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம். ஆம்ப்பின் ஒலியைக் கணினியிலேயே உருவாக்கும் ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன. வாசித்ததை அப்படியே பதிவுசெய்து கேட்கலாம் என்பது கூடுதல் பயன்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் ஒரு தவற்றைப் பலர் செய்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிறதே என்று புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டுகிறார்கள். அதில் ஒலி வந்துசேரச் சற்றுத் தாமதமாகும். பல கருவிகளில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டும். படம் பார்க்கும்போது அது தெரியாது. தாளம் பிடிக்கவேண்டிய பேஸுக்கு அது நஞ்சு. நிமிடத்திற்கு 120 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டின் கால் பங்கு 125 மில்லிநொடிதான். விரல் தொட்டு ஒரு கணம் கழித்துக் காதில் விழுந்தால், தவறு விரலிலா கருவியிலா என்றே தெரியாது. காதை முழுமையாக மூடும், கம்பியுள்ள ஹெட்ஃபோன் வாங்குங்கள்.

ஒலியளவிலும் கவனம் வேண்டும். நம் காது தாழ்ந்த சுரங்களை எளிதில் உணராது. அதனால் பேஸ் வாசிப்பவர் தம்மை அறியாமலே ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. உங்கள் வாசிப்பு கேட்கவில்லை என்றால், அதைக் கூட்டாமல் பாட்டின் ஒலியைக் குறையுங்கள்.

ஆம்ப்பில் மிச்சமாகும் பணத்தைக் கிட்டாருக்குச் செலவிடுங்கள். பழைய கிட்டார் வாங்கியிருந்தால், புதிய தந்திகளைப் போட்டு, கழுத்தின் வளைவையும் தந்திகளின் உயரத்தையும் கடையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தந்திகள் உயரமாக இருப்பதால் விரல் வலித்து விட்டவர்கள் உண்டு. மின்கலம் போடும் கிட்டாராக இருந்தால், வாசித்து முடித்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் மின்கலம் தீர்ந்துவிடும். சுருதி சேர்க்கவும் தாளம் தட்டவும் கைப்பேசியில் இலவசச் செயலிகள் போதும்.

ஹெட்ஃபோனில் பழகத் தொடங்கியபின் இன்னொன்றும் நடந்தது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அதுவரை கேட்ட பாடல்களில் பேஸ் ஏறக்குறைய காதில் விழுந்ததே இல்லை. இப்போது இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்ததும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் தனித்தனியாகக் கேட்கின்றன. அம்மா சமைக்கும்போது ஓடும் பழைய பாட்டுக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறதா என்று வியந்தேன். ஒரு பாட்டை எடுத்து, நான்கு நான்கு தாளக்கட்டாகக் கேட்டு வாசித்துப் பாருங்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது.

ஹெட்ஃபோன் பயிற்சிக்கும் குறை உண்டு. பேஸ் தனியாக வாசிக்கும் கருவி அன்று. டிரம்ஸ் வாசிப்பவரின் கையைப் பார்த்து வாசிக்கும்போதுதான் அது முழுமை பெறும். ஆகவே ஆம்ப் வேண்டிய இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள்: பள்ளியின் இசை அறையில், அல்லது நான்கைந்து நண்பர்கள் வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் பயிற்சி அறையில். அங்கே கருவி ஏற்கெனவே காத்திருக்கிறது. வீட்டில் அடக்கமாகப் பழகியதை அங்கே உரக்க வாசித்துக்கொள்ளலாம்.

என் ஆம்ப்பை விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் ஹெட்ஃபோனும் புதிய தந்திகளும் வந்தன. சில மாதங்கள் கழித்து மின்தூக்கியில் கீழ்வீட்டு ஆன்ட்டியைப் பார்த்தேன். “சத்தமே இல்லையே, விட்டுவிட்டாயா?” என்று அக்கறையோடு கேட்டார். தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன் என்றதும் நம்ப முடியாமல் சிரித்தார்.

இசை கற்க வசதி வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பள்ளியிலிருந்தோ நண்பரிடமிருந்தோ இரவல் பெற்ற கிட்டார் ஒன்று மூலையில் சாய்ந்திருந்தால், நல்ல ஆம்ப் வாங்கும் நாளுக்காக அதைக் காக்க வைக்காதீர்கள். இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள்.