முன்தோலுக்கும் முந்துதலுக்கும் முடிச்சுப் போடாதீங்க!

இதைப் படிக்கிற தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடமும் கேட்க முடியாமல், அப்பாவிடமும் கேட்க முடியாமல், சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் படித்துவிட்டு லாட்ஜ் வைத்தியரைத் தேடிப் போகிற விஷயம் இது. நாம் பேசாவிட்டால் அவர்கள் பேசுவார்கள்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். கல்யாணத்துக்கு 3 வாரம்தான் பாக்கி. "சீக்கிரம் வந்துடுது சார். முன்தோலை எடுத்துட்டா ரொம்ப நேரம் தாங்கும்னு சொல்றாங்க" என்றான். அந்த ஆபரேஷனுக்காக வீட்டு நகையை அடகு வைக்கப் போகிறானாம். விசாரித்தால், அவன் இதுவரை ஒரு பெண்ணோடும் பழகியதே இல்லை! தனிமையில் அவசர அவசரமாக முடித்துக்கொள்கிற பழக்கத்தைத்தான் நோய் என்று நம்பவைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் விழுப்புரத்தில் ஒரு முஸ்லிம் வாலிபர் வந்தார். "சின்ன வயசுலேயே சுன்னத் ஆயிடுச்சு சார். சுன்னத் பண்ணினவங்களுக்கு இது வராதுங்கறாங்க. எனக்கே வருதுன்னா உள்ளுக்குள்ள ஏதோ பெரிய கோளாறு" என்று கண் கலங்கினார்.

ஒருவருக்கு வெட்டாததால் பயம். இன்னொருவருக்கு வெட்டியும் பயம். இரண்டு பயத்துக்கும் வேர் ஒரே கட்டுக்கதைதான். முன்தோல் போனால் மொட்டு துணியில் உரசி உரசித் தடித்துவிடும், கூச்சம் குறையும், நேரம் நீளும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்தால் அப்படி இல்லை.

2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஹாலந்து, இங்கிலாந்து, ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சுமார் 500 தம்பதிகள் வீட்டிலேயே ஸ்டாப்வாட்ச் வைத்து நேரத்தைக் குறித்தார்கள். நடுத்தர அளவு 5.4 நிமிடம். (அரை மணி நேரம் என்று பீற்றிக்கொள்ளும் நண்பர்களை இனி நம்பாதீர்கள்!) ஆண்கள் பெரும்பாலும் சுன்னத் செய்துகொள்ளும் துருக்கியில்தான் நேரம் குறைவு, 3.7 நிமிடம். மற்ற நாடுகளில் செய்தவர், செய்யாதவர் இடையே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. கென்யாவில் 18 முதல் 24 வயதுள்ள 2,784 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே சுன்னத் செய்து, 2 வருஷம் கவனித்தார்கள். 2008-ல் வந்த முடிவும் அதேதான். விந்து முந்துதல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எங்கள் சித்த மருத்துவம் விந்து வெளியேற்றத்தை அபான வாயுவின், அதாவது கீழ்நோக்குங்காலின் வேலை என்கிறது. நவீன மருத்துவம் மூளை, தண்டுவடம், செரோடோனின் என்கிறது. இரண்டுமே தோலைக் குற்றவாளி ஆக்கவில்லை. சுன்னத் என்பது இஸ்லாமியர்களுக்கு மார்க்க வழக்கம். அதை ஆண்மை வைத்தியமாக்கி விற்பது வியாபாரம்.

எங்கள் துறைக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. எல்லோருக்கும் ஒரே லேகியம் கொடுப்பதும் வைத்தியமில்லை. சில 'வீரிய' மருந்துகளில் ஆங்கில மாத்திரையையே அரைத்துக் கலக்கிறார்கள். இருதய நோயாளி சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆண்மை பெருக மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன!

உறவு தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, தடுக்க முடியவில்லை, மனசும் வேதனைப்படுகிறது என்றால்தான் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வந்தால் தைராய்டு, புராஸ்டேட் பரிசோதனை வேண்டும். உச்சத்துக்குச் சற்று முன்பு நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கும் பயிற்சியை அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் சீமன்ஸ் 1956-லேயே எழுதினார். பைசா செலவில்லை. மனைவியிடம் மனம்விட்டுப் பேசணும், அதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். பதற்றமும் தூக்கமின்மையும் உள்ளவர்களுக்கு நான் அமுக்கரா சூரணம் கொடுப்பதுண்டு. மனம் அமைதிப்பட அது ஒரு துணை, அவ்வளவுதான்.

அப்படியானால் முன்தோலை எடுக்கவே கூடாதா? தோல் பின்னுக்கு வராமல் இறுகி, வலியோ அடிக்கடி புண்ணோ இருந்தால் எடுக்கலாம். அதற்கு முன் களிம்பு போட்டே சிலருக்குத் தளர்ந்துவிடும். நடுவயதில் தோல் வெடித்துப் புண்ணானால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஒட்டியிருப்பது இயற்கை. குளிப்பாட்டும்போது பலவந்தமாக இழுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை நான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். தையல் ஆறி உறவு கொள்ள 6 வாரம் வரை ஆகும். அந்தத் திண்டிவனத்துப் பையன் வெட்டிக்கொண்டிருந்தால் முதலிரவே புண்ணோடுதான்! நிஜமாகவே தோல் இறுக்கம் உள்ள புதுமாப்பிள்ளை ஆடி பிறந்ததும் செய்துகொள்ளலாம். பெண்டாட்டி எப்படியும் தாய்வீட்டில்தானே இருப்பாள்? ஆவணியில் இன்னும் 10, 15 நாள் பொறுக்க வேண்டியிருக்கும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.