மல்ரோ சாத்திய கதவு

பிரான்ஸின் தென்மேற்கே உள்ள பெரிகோர் வட்டாரத்துக்கு வழிகாட்டியோடு வருகிறவர்களின் கண்ணை முதலில் கவர்வது கோட்டைகள். தோர்தோன் ஆற்றின் வடகரைப் பாறை மேல் பெனாக். எதிர்க்கரையில், பார்வைக்கு எட்டும் தொலைவில் காஸ்தெல்னோ. நூறாண்டுப் போரில் பெனாக் பிரெஞ்சுப் பக்கம் நிற்க, காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் வசமிருந்தது. அந்தப் போருக்கு முன்பே, 1281இல், பிரெஞ்சு மன்னர் தோம் என்ற அரண் நகரை எழுப்பினார். சில ஆண்டுகளிலேயே ஆங்கில மன்னர் முதலாம் எட்வர்டு மொன்பாஸியேவை நிறுவினார். இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், காஸ்தியோனில், 1453இல் நடந்த சண்டையோடு அந்தப் போர் ஓய்ந்தது.

குறுகிய பயணத்தில் பாதி நேரத்தை இந்தக் கதையே விழுங்கிவிடுகிறது. ஆனால் இந்த மண்ணின் வயதுக்கு முன்னால் நூறாண்டுப் போரெல்லாம் நேற்றைய சங்கதி. தோர்தோனில் வந்து கலக்கும் வெசேர் ஆற்றின் கரையில், லெஸ் எய்ஸி என்ற சிற்றூரில், 1868இல் இரயில் பாதை வேலையின்போது மனித எலும்புகள் கிடைத்தன. குரோமன்யோன் மனிதர் என்று உலகம் அறிந்தது அவர்களைத்தான். 1940 செப்டம்பரில் மார்செல் ரவிதா என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் மொன்தின்யாக் அருகே ஒரு துளைக்குள் இறங்கினார்கள். அதுதான் லாஸ்கோ. ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன், கல்லைக் குடைந்து செய்த அகலில் விலங்குக் கொழுப்பை எரித்து, அந்த வெளிச்சத்தில் தீட்டிய ஓவியங்கள். காளைகளில் ஒன்று 5 மீட்டருக்கும் அதிக நீளம். கறுப்புக்கு மாங்கனீசு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்புச் சத்துள்ள காவி மண்.

1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்றாடம் நூற்றுக்கணக்கானோர் உள்ளே போய் வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சும் உடல் சூடும் ஈரமும் குகையின் காற்றையே மாற்றின. விளக்கொளியில் பச்சைப் பாசி படர்ந்தது; சுவரில் வெள்ளைச் சுண்ணப் படிவு ஏறியது. பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருந்ததை, ஆசையோடு பார்க்க வந்தவர்களே பதினைந்து ஆண்டுகளில் கெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடினார்.

இந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான் என்பேன். கோட்டையைக் கட்டிய எந்தப் பிரபுவும் இவ்வளவு தொலைநோக்கோடு யோசித்ததில்லை. மூடிய பிறகும் குகை முழுதாகத் தேறவில்லை. 2001இல் பூஞ்சை கிளம்பியது. இன்னும் முன்பே மூடியிருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்று பயணிகள் பார்ப்பது நகலை. முதல் நகல் 1983இல் திறந்தது. குகையின் முழு வடிவத்தையும் காட்ட முயலும் புதிய நகல் 2016இல் வந்தது. அசலைக் காட்ட முடியவில்லையே என்று எந்த வழிகாட்டியும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஓவியரின் கை எப்படி வளைந்தது, எங்கே நிறத்தை ஊதித் தெளித்தார் என்பதை நகலில் நிதானமாக நின்று பார்க்கலாம். அசலுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

குகையை மூடுவதற்கு முந்தைய ஆண்டு, 1962இல், மல்ரோ கொண்டுவந்த ஒரு சட்டம் தனிக் கட்டடங்களை விட்டு, பழைய நகர்ப் பகுதிகளை முழுதாகக் காக்க வழிசெய்தது. அதனால் முதலில் பிழைத்த ஊர்களில் சார்லாவும் ஒன்று. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளும் கனத்த கற்பலகைக் கூரைகளும் மீண்டன. ஆனால் அங்கே கதவைச் சாத்த யாரும் இல்லை. கோடையில் தெருக்கள் பிதுங்குகின்றன. குளிர்காலத்தில் பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. கல் காப்பாற்றப்பட்டது, குடியிருப்பைப் பற்றி அதே அளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

லெஸ் எய்ஸியின் ஃபோன்தகோம் குகையில் மட்டும், அசலான பல வண்ண ஓவியங்களைச் சிறு குழுக்களாக இன்னும் பார்க்க முடிகிறது. பாறையின் புடைப்பே காட்டெருமையின் தோளாக இருக்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் விலங்கு சுவரிலிருந்து எழுந்து வருகிறது. ஒரு நாளில் மிகச் சிலருக்கே அனுமதி. அந்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி எத்தனை பேர் கேட்டாலும் கூட்டக் கூடாது. சுவரில் பாசியின் முதல் புள்ளி தெரிவதற்கு முன்பே அதைக் குறைக்கும் துணிவும் அங்குள்ளவர்களுக்கு வேண்டும்.