ஆமையும் அமீனாவும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது ஊர்ப்பக்கத்துப் பழமொழி. அதைக் கேட்டே வளர்ந்த நம்மவர்களில் சிலர், கொல்கத்தாவுக்கு வந்து குடியேறிய பிறகு ஆமையைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் அழைத்து வருகிறார்கள் என்பதுதான் விந்தை. ஆமை வீட்டிலிருந்தால் செல்வம் தங்கும் என்று ஜோசியர் யாரோ சொன்னதாகச் சிலர் காரணம் சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் காரணம் அவ்வளவு பெரியதல்ல. குழந்தை ஆசைப்பட்டது, அவ்வளவுதான். நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். பூனை பக்கத்துப் போர்ஷன் பாலில் வாய் வைத்துவிடும். ஆமையோ குரைக்காது, ஓடாது, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கிவிடும். ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு இதைவிடத் தோதான பிராணி எது என்று தகப்பனார் நினைக்கிறார்.

அந்த நினைப்பில்தான் தவறு தொடங்குகிறது. ஆமைக்குஞ்சு வளர்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எப்படி வளர்ப்பது என்பதல்ல; இதை வளர்க்கலாமா என்பதுதான்.

தமிழில் ஆமை என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் நிலத்தில் வாழ்வது வேறு, நீரில் வாழ்வது வேறு. நம்மவர் கைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல் விரியும் நட்சத்திர ஆமை. இது நில ஆமை. மற்றது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள பச்சை நிற நீராமை. அமெரிக்காவிலிருந்து வந்த இனம்.

நட்சத்திர ஆமை தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட புதர்க்காடுகளிலும், குஜராத், ராஜஸ்தானிலும், இலங்கையிலும் பிறந்து வளர்வது. நம்மவர்களைப் போலவே அதுவும் தெற்கிலிருந்து ரயிலேறி வருகிறது. ஆனால் விருப்பத்தோடு வருவதில்லை. துணியில் சுற்றி, பைகளில் அடுக்கி, தண்ணீரில்லாமல் கொண்டுவரப்படுகிறது. கொல்கத்தா வழியாக வங்கதேச எல்லை தாண்டித் தென்கிழக்கு ஆசியச் சந்தைகளுக்குப் போகும் இந்தக் கடத்தல் பாதை பலமுறை பிடிபட்டிருக்கிறது. தென்னிந்தியாவின் ஒரே ஒரு வியாபார மையத்தின் மூலமாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019இல் உலக நாடுகள் கூடி, இந்த இனத்தின் சர்வதேச வணிகத்தை அறவே தடை செய்தன.

உள்நாட்டுச் சட்டமும் இறுகிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. தண்டனை மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. விற்றவர் மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பவரும் குற்றவாளியே. வங்காளத்துக் குளங்களில் கிடைக்கும் உள்ளூர் ஆமைகளில் பலவும் இதே பாதுகாப்பில் உள்ளவை.

அரசு உத்தியோகத்தில் இருப்பவர் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்த ரயில்வே ஊழியர் தற்காலிக வேலைநீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படுவார் என்பது 1968ஆம் ஆண்டு ஒழுங்கு விதி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குஞ்சுக்காக, இருபது வருஷ சர்வீஸைப் பணயம் வைப்பதா? லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்கள், தெரிந்தவர் கொடுத்தனுப்பும் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கிக்கொள்வதும் கூடாது. பழமொழி இப்போது புது அர்த்தம் கொண்டுவிட்டது: ஆமை முன்னால் வந்தால், அமீனா பின்னால் வருவார்.

சட்டம் கிடக்கட்டும், அந்த ஜீவனுக்காவது நன்மை உண்டா? நட்சத்திர ஆமைக்குஞ்சு புல்லும் இலையும் பூவும் தின்னப் பிறந்தது. அருகம்புல், செம்பருத்தி இலை, சப்பாத்திக்கள்ளி ஆகியவையே அதற்கு விருந்து. நம் வீடுகளில் அதற்குப் பால்சோறும் பிஸ்கட்டும் ரொட்டியும் கிடைக்கின்றன. ஓடு கெட்டிப்பட வெயில் நேராக மேலே பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில், எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் தடுக்கப்பட்டுவிடும். கொல்கத்தாவின் சந்துகளில், ஒரு வெயில் மாடியில் விழுந்தால் மறு வெயில் மறுநாள்தான். வெயில் இல்லாத குஞ்சின் ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால் வளையும். ஜனவரி இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் வெறும் தரையில் விட்டால், மூக்கில் நீர் குமிழியிட்டு நெஞ்சில் சளி கட்டிவிடும். ஆமைதானே என்று வாளித் தண்ணீரில் போட்டு முழுகடித்தவர்களும் உண்டு; நில ஆமைக்கு நீச்சல் தெரியாது.

இதில் கொடுமை, ஆமை சொல்லாது. நாய் முனகும், கிளி கத்தும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். புலனடக்கத்துக்கு வள்ளுவர் உவமையாகச் சொன்ன அந்தக் குணம், நோயாளி ஆமையைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடுகிறது. சாதுவாக இருக்கிறது என்று குழந்தை மகிழும்போது, அது மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும்.

ஆமை வளர்ப்பது என்றால் என்ன என்பதை இந்த நகரமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் இருந்த அத்வைதா என்ற அல்டாப்ரா ராட்சத ஆமையைப் பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல. அது ராபர்ட் கிளைவின் தோட்டத்து ஆமை, வயது 250 என்பதெல்லாம் செவிவழிச் செய்தி. உறுதியான சான்று இல்லை. ஆனால் மிருகக்காட்சிசாலை தொடங்கிய காலத்தில், 1875 வாக்கில், அங்கே வந்து சேர்ந்து 2006 மார்ச் மாதம் இறந்தது என்பது தெரிந்த விஷயம். 130 ஆண்டுகள்! வெள்ளைக்கார ஆட்சி போயிற்று, தலைநகர் டெல்லிக்குப் போயிற்று, எத்தனையோ காவலாளிகள் ஓய்வுபெற்றுப் போனார்கள். கோதுமைத் தவிடும் காரட்டும் ஊறவைத்த கடலையும் புல்லும் தினந்தோறும் வந்துகொண்டிருந்தன. அப்படியிருந்தும் கடைசியில் ஓட்டில் விரிசல் கண்டு, அடியில் புண் வைத்துத்தான் அது இறந்தது. ஒரு நிறுவனத்துக்கே அரிதான காரியத்தை, பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர், டிரான்ஸ்பர் உத்தரவு எப்போது வருமோ என்று காத்திருப்பவர், எப்படி ஏற்பது?

சிவப்புக் கோட்டு நீராமையாவது சரியா என்று கேட்கலாம். அது இந்த நாட்டு இனமல்ல என்பதால் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் பகிரங்கமாகவே விற்கப்படுகிறது. வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. வளர்ந்தால் ஓரடி நீளம். ஆயுள் இருபது, முப்பது ஆண்டுகள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைச் சரியாக வளர்க்கட்டும். நீந்த ஆழமான தண்ணீர், ஏறி உலர ஒரு கல், நேர் வெயில், மறைய நிழல் வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். அழுக்கடைந்தால் உடனே மாற்ற வேண்டும். குஞ்சுக்குச் சிறு மீன், இறால், ஆமைத்தீனி. வளர வளரக் கீரை கூடலாம். பொரி மட்டும் போட்டு வளர்த்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும்.

தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஆமையின் மேல் இருக்கும் சால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அந்தக் காரணத்துக்காகவே 1975இல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஆமை வேண்டவே வேண்டாம். வளர்ந்து பாரமானதும் புண்ணியமென்று ரவீந்திர சரோவரிலோ கங்கையிலோ விடுவது பாவம். உள்ளூர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். இதை அஞ்சி 1997இல் ஐரோப்பிய நாடுகள் இதன் இறக்குமதியையே நிறுத்தின.

இனி அரசாங்கத்தின் பங்கு. அறியாமல் நட்சத்திர ஆமையை வாங்கிவிட்ட ஏழை என்ன செய்வான்? ஒப்படைக்கப் போனால் கைது செய்வார்களோ என்று பயந்து, இரவோடு இரவாகக் குப்பைத்தொட்டியில் போடுகிறான். 2020இல் அயல்நாட்டுப் பிராணிகள் வைத்திருந்தவர்கள் தாமாக முன்வந்து தெரிவித்தால் பத்திரம் கேட்கமாட்டோம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆறு மாத அவகாசம் தந்தது. விலையுயர்ந்த வெளிநாட்டுக் கிளி வைத்திருந்த சீமானுக்குக் கிடைத்த சலுகை, சந்தையில் ஏமாந்த குமாஸ்தாவுக்கு ஏன் கூடாது? சால்ட் லேக்கில் வனத்துறையின் மீட்பு மையம் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களில், பெயரைக் கேட்டு மிரட்டாமல் ஆமைகளைப் பெற்றுக்கொள்ளலாம். அந்த அறிவிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ரயில் நிலையங்களில் ஒட்டலாம். நகரத்துத் தமிழ்ச் சங்கங்கள் நடுவில் நின்று உதவினால், பயந்தவர்கள் துணிந்து வருவார்கள்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குழந்தை ஆமை கேட்டால், கடைக்கு அழைத்துப் போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலிப்பூருக்கு அழைத்துப் போகட்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மழைவிட்ட காலையில் புதரோரம் காத்திருந்தால், நட்சத்திர ஆமை தானே நடந்து போவதையும் காட்டலாம். அதைக் கையில் எடுக்காமல் பார்த்துவிட்டு வரக் கற்ற குழந்தை, ஆமை வளர்ப்பின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டது. ஆமையும் அதன் வீட்டில் இருக்கும். அமீனாவும் நம் வீட்டுப் பக்கம் வரமாட்டார்.