சாரதியில்லா ஊர்தியும் சட்டத்தின் கடமையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்கு வரும் வாடகை வாகனமொன்று விபத்துக்குள்ளானால், ஓட்டியவர் யார், உடைமையாளர் யார், காப்பீடு எவரிடம் என்ற மூன்று வினாக்களோடு விசாரணை தொடங்கிவிடும். ஏனெனில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், சாரதியென்று ஒரு மனிதர் இருப்பதை அனுமானித்தே இயற்றப்பட்டது. அம்மனிதர் இல்லாத வாகனங்கள் இன்று அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் கட்டணத்துக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்கின்றன. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சாலையைக் கடந்த பெண்மணியொருவரின் உயிரைப் பறித்தபோது, நிறுவனத்தின்மீது கிரிமினல் குற்றமில்லையென அரசுத் தரப்பு தீர்மானித்தது. கண்காணிக்க அமர்த்தப்பட்டிருந்த ஊழியரே தண்டனை பெற்றார். அவர் கவனம் பிசகியது மெய். ஆயினும், ஆபத்தில் தானே பிரேக் போடும் அமைப்பை முடக்கிவைத்த நிறுவனம் தப்பியது நியாயமென்று எம்மால் ஒப்ப இயலவில்லை.

ஓட்டுநர்களின் ஜீவனத்தை முன்னிட்டு இவ்வூர்திகளை நம் நாட்டில் அனுமதிப்பதற்கில்லையென மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கூறியிருக்கிறார். அந்நிலை என்றேனும் மாறுமாயின், குற்றத்தை நிரூபிக்கக் கோராமலே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் அளிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு மட்டும் போதாது; மென்பொருளை ஆக்கியவரும் வாகனத்தை வாடகைக்கு விட்டவரும் கூட்டாகப் பொறுப்பேற்பதையும், பாதிக்கப்பட்ட மலைவாசியொருவர் கேட்டாலும் விபத்துநேரப் பதிவுகளைத் தாமதமின்றி ஒப்படைப்பதையும், முதல் வண்டி சாலையில் இறங்குமுன்பே பாராளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.