பொய்ப் பேயும் மெய்த் தீயும்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. அந்த இருட்டையும் அந்தப் பேயையும் காசாக்க முடியும் என்று கண்டுகொண்டது இக்கால வணிகம். பொருட்காட்சித் திடலில் ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே "பேய் வீடு" என்ற பலகையை இன்று பல ஊர்களில் பார்க்கிறோம். பெருநகர வணிக வளாகங்களிலும் இது புகுந்துவிட்டது.

மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் இதழில் பேய் வீட்டுக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. பேய் வீடு நடத்துபவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். அவர் கேட்டு வரும் இடம் நம்முடையது. காலியாகக் கிடக்கும் மாடி, பயன்படாத கிடங்கு, சீசன் இல்லாத மாதத்தில் சும்மா இருக்கும் கல்யாண மண்டபம், சங்கங்கள் நடத்தும் பொருட்காட்சி என்று எல்லாம் வணிகர் கையில் உள்ளவை. வாடகை நம் கல்லாவுக்கு வருகிறது என்றால் பொறுப்பிலும் ஒரு பங்கு நம் வாசலுக்கு வரத்தான் செய்யும்.

கண்ணால் கண்டது

சென்ற ஆண்டு ஒரு மாவட்டத் தலைநகரில் நடந்த பொருட்காட்சிக்குப் பேரப்பிள்ளைகளோடு போயிருந்தோம். பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்க, பேய் வீட்டுக்குள் நாமும் நுழைந்தோம். பிளைவுட் தட்டிகளால் அடைத்த குறுகலான சந்து. இரு பக்கமும் கூரையிலும் கறுப்புத் துணி. தெர்மாகோலில் செய்த மண்டை ஓடுகள். ஒட்டுப் போட்ட ஒயர்கள் துணியின் மேலேயே ஓடின. தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது; அதன் அருகில் டீசல் கேன்கள்.

பாதி வழியில் ஒரு கதவு இருந்தது. அதைக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டியிருந்தார்கள். வெளியே வந்ததும் டிக்கெட் கொடுத்த இளைஞரிடம் கேட்டோம்.

"பின்பக்கமா பசங்க டிக்கெட் இல்லாம பூந்துர்றாங்க சார், அதான் கட்டி வெச்சிருக்கோம்" என்றார்.

"உள்ளே ஏதாவது ஆகிவிட்டால்?"

"நாங்க இருக்கோம்ல சார்" என்று சிரித்தார்.

அவர் மேல் நமக்குக் கோபம் வரவில்லை. நம் கடைகளில் எத்தனை பேர் பின்கதவை அரிசி மூட்டை அடுக்கி மறைத்து வைத்திருக்கிறோம்? திருட்டுக்குப் பயந்து எத்தனை பேர் உள்பக்கமும் பூட்டுப் போடுகிறோம்? அந்த இளைஞர் செய்ததும் வியாபாரக் கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தொகை விட்டுப்போயிருக்கிறது. அது என்ன என்பதை அமெரிக்கா 1984-ல் எட்டு உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

கடைவீதியில் தொடங்கிய கதை

இத்தொழில் இன்று செழித்து நிற்பது அமெரிக்காவில். அங்கே அக்டோபர் 31-ஆம் நாள் இரவு ஹாலோவீன் கொண்டாட்டம். 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் அந்த இரவில் விடலைப் பையன்களின் குறும்பு எல்லை மீறிப் போயிற்று. கடைக் கண்ணாடிகளில் சோப்பைப் பூசுவதும் சொத்துகளை உடைப்பதும் வழக்கமாயின. பிள்ளைகளை வேறு பக்கம் திருப்பப் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, வீட்டின் நிலவறையை இருட்டாக்கிப் பயமுறுத்தும் விளையாட்டு.

1969-ல் டிஸ்னிலேண்டில் "பேய் மாளிகை" திறக்கப்பட்டது. கூட்டம் அலைமோதியது. 1970-களில் ஊர்தோறும் இருந்த ஜேசீஸ் கிளைகள் நிதி திரட்டும் வழியாகப் பேய் வீட்டைக் கையில் எடுத்தன. ஜேசீஸ் நமக்கு அந்நியமல்ல. நம் ஊர்களிலும் கிளைகள் உண்டு. இளம் வணிகர்களும் தொழில் முனைவோரும் சேர்ந்த அமைப்பு அது. காலிக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, உறுப்பினர்களே பேய் வேடம் போட்டு, வசூலை நற்பணிக்குக் கொடுத்தார்கள். நல்ல நோக்கம், நல்ல வருமானம்.

பிறகு தொழில்முறை நிறுவனங்கள் வந்தன. இன்று அங்கே கட்டணம் வாங்கி நடத்தும் பேய் வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் என்று தொழிலில் இருப்பவர்களே கணக்குச் சொல்கிறார்கள். முகமூடி, இயந்திரப் பொம்மை, புகை இயந்திரம் விற்கும் மொத்த வியாபாரிகளுக்கென்று செயின்ட் லூயிஸ் நகரில் ஆண்டுதோறும் வணிகக் கண்காட்சியே நடக்கிறது. மிட்டாய், உடை, அலங்காரப் பொருள் எல்லாம் சேர்த்து, 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஹாலோவீனுக்கு அமெரிக்க மக்கள் செய்யும் செலவு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டுகிறது என்பது அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பின் மதிப்பீடு. பயம் ஒரு சரக்கு. அதற்குச் சந்தை உண்டு. இதை நாம் குறை சொல்லவில்லை.

1984 மே 11

நியூ ஜெர்சி மாநிலத்தில் கிரேட் அட்வென்ச்சர் என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே 1979 முதல் "பேய்க் கோட்டை" ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. உள்ளே இருந்தவை 17 லாரி டிரெய்லர்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, நடுவே வழி விட்டு, கோட்டை முகப்பை வைத்து மறைத்திருந்தார்கள்.

1984 மே 11, வெள்ளிக்கிழமை மாலை. உள்ளே ஓரிடத்தில் வெளிச்சம் சரியாக இல்லை. வழி தெரிவதற்காக ஒரு சிறுவன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தான் என்றும், அது சுவரில் இருந்த ஃபோம் மெத்தையில் பட்டுத் தீப்பிடித்தது என்றும் பின்னர் சாட்சியம் சொல்லப்பட்டது. அந்த மெத்தையை ஒட்டியதே, பயந்து ஓடுபவர்கள் சுவரில் மோதி அடிபடக்கூடாது என்பதற்காகத்தான். பாதுகாப்புக்கு வைத்த பொருளே எரிபொருள் ஆயிற்று. ஃபோம் எரிந்தால் கிளம்பும் கரும்புகை சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

பதின்பருவத்தினர் எட்டுப் பேர் உள்ளேயே இறந்தார்கள். அங்கே தண்ணீர் தெளிப்பான்கள் இல்லை. புகை வந்தால் எச்சரிக்கும் கருவி இல்லை. ஏன் இல்லை? டிரெய்லர்களுக்குச் சக்கரம் உண்டு. ஆகவே இது தற்காலிக அமைப்பு. ஆகவே நிரந்தரக் கட்டடத்துக்கான விதிகள் இதற்குப் பொருந்தா என்று விட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றது அந்தத் தற்காலிகம்!

கொலையாகாத மரணம் விளைவித்த குற்றச்சாட்டு நிறுவனத்தின் மேல் வந்தது. 1985-ல் நடுவர் குழு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் எட்டு வீடுகளில் பிள்ளை திரும்பி வரவில்லை என்பதை எந்தத் தீர்ப்பாலும் மாற்ற முடியவில்லை.

இதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1979 ஜூன் 9 அன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் லூனா பார்க் பூங்காவின் "பேய் ரயில்" தீப்பிடித்து ஆறு சிறுவர்களும் பெரியவர் ஒருவரும் இறந்திருந்தார்கள். ஓரிடத்துப் பாடம் இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு காலம் பிடிக்கிறது பாருங்கள்.

விதி எப்படி மாறியது

அமெரிக்க நெருப்புக்குப் பின் அந்நாட்டுப் பாதுகாப்பு விதித் தொகுப்புகளில் பேய் வீடு போன்ற கேளிக்கைக் கட்டடங்களுக்கென்று தனிப் பகுதியே சேர்க்கப்பட்டது. அதன் சாரம் நமக்குப் பயன்படும்.

பேய் வீட்டின் இலட்சணமே வழி தெரியாமல் தவிக்க விடுவது. சாதாரணக் கட்டடத்தில் வாசல் எங்கே என்று எவரும் அறிவர். இங்கே அறியக்கூடாது என்பதற்குத்தான் டிக்கெட். ஆகவே ஆபத்து வந்த அந்த நொடியில் கட்டடமே தன் வேடத்தைக் கலைத்துவிட வேண்டும் என்கிறது விதி. புகை உணரும் கருவி இயங்கியதும் விளக்குகள் தாமாக எரிய வேண்டும். அலறல் ஓசையும் கண்ணைப் பறிக்கும் மின்வெட்டு விளக்கும் தாமாக நிற்க வேண்டும். வெளியேறும் திசையைக் காட்டும் குறிகள் ஒளிர வேண்டும். தண்ணீர் தெளிப்பான்கள் வேண்டும். நடமாடும் அமைப்பாக இருந்தால் தெளிப்பானுக்குத் தண்ணீர் தரும் ஏற்பாடு தற்காலிகமாக இருக்கலாம். தெளிப்பானே இல்லாமல் இருக்க முடியாது.

"தற்காலிகம்" என்ற சொல்லுக்கு அங்கே கிடைத்த பொருள் இதுதான். அதனால் தொழில் அழிந்துவிடவில்லை. சிறிய நற்பணி மன்றங்கள் பல செலவு தாங்காமல் ஒதுங்கியது உண்மை. ஆனால் இன்றைய பெரிய சந்தை அந்தக் கண்டிப்பான விதிகளின் மேல்தான் எழுந்து நிற்கிறது. பிள்ளை பத்திரமாகத் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெற்றோர் பணம் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள்.

நம் நாட்டில்

நமக்கு இந்தப் பாடம் தூரத்துக் கதை அல்ல. 2024 மே 25 அன்று குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு மையம் எரிந்து, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தனர். அது பேய் வீடு அன்று. ஆனால் கதை ஒன்றே. தகரத் தகடுகளால் எழுப்பிய கொட்டகை. உள்ளே வண்டிப் பந்தயத்துக்கு எரிபொருள். வெல்டிங் வேலையின் தீப்பொறி. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அது நடந்து வந்தது. கும்பகோணத்தில் 2004-ல் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 பள்ளிக் குழந்தைகளைக் கொண்டுபோனதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது.

உறுப்பினர்களின் கேள்வி

"லைசென்ஸ், ரெஜிஸ்டர், இன்ஸ்பெக்டர் என்று நாம் படும் பாடு போதாதா? நீங்களே இன்னும் விதி கேட்கிறீர்களே?" என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எடைக்கல் முத்திரையிலிருந்து குப்பை வரி வரை, அதிகாரிகளின் கெடுபிடியை எதிர்த்து எழுதி வருபவர்கள் நாம். அதை இனியும் எழுதுவோம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். ரெஜிஸ்டரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் அபராதம் கட்டுபவர் வியாபாரி. பேய் வீட்டில் ஒரு கதவு விட்டுப்போனால் அதற்கு விலை கொடுப்பது டிக்கெட் வாங்கிய குழந்தை. முன்னதில் சலுகை கேட்க நமக்கு உரிமை உண்டு. பின்னதில் கிடையாது. "பத்து நாள் வியாபாரம்தானே" என்பதும் வாதமாகாது. தீ நாள் கணக்குப் பார்த்து வருவதில்லை.

நாம் கேட்பது

இடம் கேட்டு வருபவரிடம் அட்வான்ஸ் வாங்கும் முன் உறுப்பினர்கள் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

1. வெளியேற இரண்டு வழிகளாவது உண்டா? உள்ளிருந்து தள்ளினால் சாவி இல்லாமல் திறக்குமா? டிக்கெட் இல்லாமல் நுழைபவரைத் தடுக்க வாசலில் ஆளை நிறுத்துங்கள், கதவைக் கட்டாதீர்கள்.

2. துணி, ஃபோம், தெர்மாகோல் எவ்வளவு? எளிதில் தீப்பற்றாதபடி பக்குவம் செய்த பொருளா? இல்லையென்றால் இடம் இல்லை.

3. ஒரே விசையில் எல்லா விளக்கும் எரிந்து, எல்லாச் சத்தமும் நிற்குமா? அந்த விசையருகே எப்போதும் ஓர் ஆள் இருப்பாரா? பேய் வேடம் போடும் பையன்களுக்குத் தீயணைப்பான் பிடிக்கத் தெரியுமா?

4. ஜெனரேட்டரும் டீசலும் தட்டியை விட்டு எவ்வளவு தள்ளி? ஒட்டுப் போடாத ஒயரா? ஒரு நேரத்தில் எத்தனை பேர் உள்ளே என்ற எண்ணிக்கை உண்டா?

5. தீயணைப்புத் துறையின் சான்று எங்கே? பொதுமக்களுக்கு நேரும் விபத்துக்கான காப்பீடு எங்கே? நம் சரக்குக்கு நாம் எடுத்திருக்கும் தீக்காப்பீடு, உள்ளே வந்தவர் உயிருக்குப் பொறுப்பேற்காது என்பதை நினைவில் வையுங்கள்.

அரசையும் கேட்டுக்கொள்கிறோம். பொருட்காட்சித் தற்காலிக அமைப்புகளுக்கென்று எளிய தமிழில் ஒரு பக்க விதிப்பட்டியல் அச்சிட்டுக் கொடுங்கள். திறப்பு நாளுக்கு முன்பே வந்து பாருங்கள். சரியாக இருந்தால் அலைக்கழிக்காமல் அன்றே சான்று கொடுங்கள். சரியாக இல்லையென்றால் யார் சிபாரிசு வந்தாலும் மூடுங்கள். அப்படி மூடும் அதிகாரிக்கு எதிராக நம் சங்கத்திலிருந்து எவரும் தொலைபேசியை எடுக்கக்கூடாது.

பயத்தை விற்பது தவறல்ல. ஆனால் நாம் விற்பது பொய்ப் பயமாக இருக்க வேண்டும். அலறிக்கொண்டு உள்ளே போன பிள்ளை, சிரித்துக்கொண்டு வெளியே வந்து அப்பாவிடம் இன்னொரு டிக்கெட் கேட்க வேண்டும். அதுதான் நேர்மையான வியாபாரம். இன்று மாலை கடையைச் சாத்தும் முன் உங்கள் பின்கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். திறக்கிறதா?